தொட்டுக்கொள்வதே உணவு: கீழ்பென்னாத்தூர் வட்டாரக் காலை வேளையில் மாவுச்சத்துக் குறைப்பு குறித்த ஓர் ஆய்வு

இயல் 1: களமும் காலமும்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகிற சாலையில் உள்ள பேரூராட்சி கீழ்பென்னாத்தூர். மேற்கே அண்ணாமலை, கிழக்கே செஞ்சிக் கோட்டை, தெற்கே வேட்டவலம், வடக்கே அவலூர்பேட்டை என்று நான்கெல்லை வகுக்கலாம். ஒரு பக்கம் முக்தி தரும் மலை, மறுபக்கம் தேசிங்குராஜன் குதிரையேறிய கோட்டை. இரண்டுக்கும் நடுவே குடியிருப்பவர்களுக்குக் காலையில் பசிக்கிறது. அந்தப் பசியை மாவுச்சத்து அதிகம் சேராமலும் பஸ்ஸைத் தவறவிடாமலும் ஆற்ற முடியுமா என்பதே இவ்வேடு எடுத்துக்கொண்ட வினா.

ஆய்வுக் காலம் விடியற்காலை ஐந்தரை முதல் எட்டு மணி வரை. அதற்குள் மாடு கறந்தாக வேண்டும், பால் சொசைட்டிக்குப் போயாக வேண்டும், குழாயில் தண்ணீர் வந்தால் பிடித்தாக வேண்டும், பிள்ளைக்குத் தலை பின்னியாக வேண்டும், திருவண்ணாமலை பஸ்ஸை ஓடிப் பிடித்தாக வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. காசு வாங்காத பஸ்ஸும் யாருக்காகவும் காத்து நிற்பதில்லை.

இந்த இரண்டரை மணி நேரத்தின் இடுக்கில் எங்கோ ஒரு சாப்பாடு நடக்கிறது. வடாற்காட்டுக்காரர்கள் அதை நாஷ்டா என்பார்கள். 1989 செப்டம்பர் 30-ஆம் தேதி மாவட்டத்தைப் பிரித்தபோது இப்பகுதிக்கு வடாற்காடு என்ற பேர் போயிற்று. நாஷ்டா போகவில்லை.

ஆய்வுச் சிக்கல் பிறந்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுக்க நடந்த இண்டியாப் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் சொன்னது. நாம் சாப்பிடும் சக்தியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-இல் அதே ஆய்வு மறுபடியும் சொன்னது. இடையில், 2024-இல், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தானியத்திலிருந்து வரும் சக்தி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று வழிகாட்டி வெளியிட்டது. இவையெல்லாம் கீழ்பென்னாத்தூரை வந்தடையும்போது ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிடுகின்றன: “டாக்டர் இட்லியக் கொறைக்கச் சொல்லிட்டாரு.”

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண், “காலைல இன்னா சாப்ட்டீங்க?” என்று கேட்பார். “ரெண்டு இட்லிதாம்மா.” இந்த ‘ரெண்டு’ எண்ணுப்பெயர் அன்று, பணிவுச் சொல். ஐந்து தின்றவரும் ரெண்டு என்பார், எட்டு தின்றவரும் ரெண்டு என்பார். ஆகையால் கேட்டறிதல் முறையை இவ்வாய்வு கைவிட்டு, தட்டைப் பார்த்தறியும் முறையை மேற்கொண்டது.

எது குறைமாவு உணவு என்பதற்கு ஒரு வரையறை வேண்டும். ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து என்பது மருத்துவ நூல்களில் பரவலாக உள்ள அளவு. இட்லி ஒன்றில், அளவைப் பொறுத்து, 8 முதல் 12 கிராம் வரும். வாசகர் தம்முடைய ‘ரெண்டு’ எத்தனை என்பதை யாரும் பார்க்காத இடத்தில் வைத்துப் பெருக்கிக்கொள்க.

இயல் 2: முன்னோர் முயற்சிகள்

இத்துறையின் ஆதி ஆசிரியர் லண்டனில் இருந்த வில்லியம் பான்டிங். 1863-இல் அவர் உடல் பருமனைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதமாகச் சிறு நூல் எழுதினார். ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் விட்டார். காலையில் இறைச்சியோ மீனோ, பாலும் சர்க்கரையும் போடாத டீ, பேருக்கு ஒரு துண்டு வாட்டிய ரொட்டி. ஓராண்டில் 20 கிலோவுக்கு மேல் இளைத்தார். அவருடைய தொழில் சவ அடக்கம் செய்து தருவது. ஊரார் நீண்ட நாள் வாழ வழி சொல்லித் தன் தொழிலுக்கே ஊறு தேடிய ஆசிரியர் வேறு எந்தத் துறையிலும் இருப்பதாக இவ்வாய்வாளருக்குத் தெரியவில்லை. அவருக்குப் பின் 1972-இல் அமெரிக்க டாக்டர் அட்கின்ஸ் வந்தார். இந்த நூற்றாண்டில் எழுத்தாளர் நியாண்டர் செல்வன் வழியாகப் பேலியோ என்ற குறைமாவு உணவுமுறை தமிழுக்கு வந்தது. காலையில் வறுத்த பாதாம் நூறு எண்ணித் தின்னும் வழக்கம் அரசு ஊழியர் குடியிருப்புகள் வரை பரவியது.

நம் மரபு என்ன சொல்கிறது? தொல்காப்பியம் கருப்பொருள்களில் உணவையும் சேர்த்திருக்கிறது. உரைகாரர்கள் குறிஞ்சிக்குத் தினையும் ஐவன நெல்லும், முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்துக்கு நெல்லும் கொடுத்தார்கள். மூன்று நிலமும் மாவிலேயே மூழ்கிக் கிடக்கின்றன. நெய்தலில் மீன் இருக்கிறது. கடல் கீழ்பென்னாத்தூருக்கு எட்டாது, கருவாடாகத்தான் எட்டும். எஞ்சியது பாலை. அந்நிலத்து உணவு வழிப்போக்கரிடம் பறித்தது என்பர். பேலியோவைப் பாலைத் திணையில் வைப்பதற்கு ஒலி ஒற்றுமை காரணமன்று, பாதாம் விலைதான்.

இம்மாவட்டத்துச் செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், பரிசில் வாங்கப் போகும் கூத்தருக்கு எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்று வழியெங்கும் சொல்லிக்கொண்டே போகிறது. நெய்யில் வெந்த இறைச்சி கிடைக்கும் என்கிறது. அட்கின்ஸுக்கு இது இனித்திருக்கும். ஆனால் அடுத்த மூச்சிலேயே கூடத் தினைச் சோறும் உண்டு என்கிறது. நெய்யில் வெந்த இறைச்சியை அது மட்டும் தின்றுவிட்டு எழுந்திருக்க நன்னன் நாடும் விடவில்லை. ‘கூட என்ன?’ என்ற கேள்வி அவ்வளவு பழையது. இக்கேள்விக்கு நான்காம் இயலில் திரும்புவோம்.

இயல் 3: சிறுதானிய மயக்கம்

இட்லியை விட்டவர்களில் பெரும்பாலோர் நேராகப் போய்ச் சேருமிடம் கூழ் வண்டி. திருவண்ணாமலைச் சாலைகளில் மண்பானையும் குடையுமாக நிற்கும் அந்த வண்டியில் கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் கிடைக்கும். ஜவ்வாது மலைச் சாமை இருக்கவே இருக்கிறது. ‘இதுல சுகர் கெடையாது சார்’ என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையைப் பார்க்கலாம். நூறு கிராமுக்கு மாவுச்சத்து: பச்சையாக நிறுத்த அரிசியில் 78 கிராம், கேழ்வரகில் 67, வரகில் 66, சாமையில் சற்றேறக்குறைய அவ்வளவே, கம்பில் 62. கோதுமை மாவு 64. அதாவது அரிசியிலிருந்து கேழ்வரகுக்கு மாறியவர் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேட்டவலத்துக்குக் குடி மாறியவர்தான். அதே வட்டம், அதே தாசில்தார்.

இதனால் கூழைப் பழித்ததாகக் கொள்ளலாகாது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து அபாரம், நார் உண்டு, கம்பில் இரும்பு உண்டு. நாற்று நட்டவர்களும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கினவர்களும் தூக்கு நிறையக் கூழ் குடித்துவிட்டுப் பொழுது சாயும் வரை குனிந்து நின்றார்கள். குடித்த கூழ் வயலிலேயே தீர்ந்தது. இன்று குனிவதற்கு மெஷின் வந்துவிட்டது. தூக்கின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. பழைய சோற்றின் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அதைக் குடல் நோய்களுக்காக நிஜமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அது குடலுக்கு நல்லதாக இருக்கலாம். குறைமாவுக் கணக்கில் அதுவும் சோறுதான்.

கூழ் வண்டியில் இவ்வாய்வாளரின் கண் நின்ற இடம் பானையன்று, பானையைச் சுற்றியிருந்த தட்டு. மோர் மிளகாய், சின்ன வெங்காயம், கொத்தவரங்காய் வற்றல், மாங்காய்த் துண்டு, வறுத்த நெத்திலிக் கருவாடு, மல்லாட்டைத் துவையல். கூழுக்குத்தான் காசு, தட்டிலிருப்பவை தொட்டுக்கொள்ள. இவ்வேட்டின் மையக் கருதுகோள் அந்தத் தட்டின் ஓரத்தில்தான் பிறந்தது.

இயல் 4: தொடுகறிக் கோட்பாடு

தமிழர் காலைத் தட்டில் இரண்டு கட்சிகள் உள்ளன. ஒன்று வெள்ளைக் கட்சி: இட்லி, தோசை, பொங்கல், இடியாப்பம், உப்புமா. மற்றது நிறக் கட்சி: சட்னி, சாம்பார், குருமா, துவையல், கீரை, முட்டை, கருவாடு. தட்டின் நடுவிடம் வெள்ளைக் கட்சிக்கு. நிறக் கட்சிக்கு ஓரம்.

மாவுச்சத்தில் பெரும்பங்கு நடுவில் இருக்கிறது. புரதமும் கொழுப்பும் நாரும் பெரும்பாலும் ஓரத்தில் இருக்கின்றன. ஆகவே கீழ்பென்னாத்தூருக்குக் குறைமாவுக் காலை உணவைப் புதிதாக இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. அது தினந்தோறும் எல்லா வீட்டிலும் சமைக்கப்படுகிறது. தொட்டுக்கொள்ள என்று சொல்லி ஒரு கரண்டியோடு நிறுத்தப்படுகிறது. இதுவே தொடுகறிக் கோட்பாடு.

இதற்குச் சான்றுகள் பல. ஓட்டலில் சாப்பிட்டு வந்தவர் எதைப் புகழ்கிறார்? ‘அந்தக் கடைல சட்னி நல்லாருக்கும்’ என்பார், ‘சாம்பாருக்காகவே போவலாம்’ என்பார். இட்லியைப் பற்றிப் பேச்சு வந்தால் அது கல்லாக இருந்தது என்று வையத்தான் வரும். பேர் வாங்குவது தொடுகறி, பில்லில் ஏறுவது இட்லி. நான்கு இட்லிக்குக் காசு வாங்கிக்கொண்டு சாம்பாரை வாளியோடு கொண்டுவந்து சும்மா ஊற்றுகிறார்கள். வெறும் சாம்பாரும் ரெண்டு கிண்ணம் சட்னியும் மட்டும் கொடு, அதற்குக் காசு வாங்கிக்கொள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். சர்வர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

“கூட இன்னா சார்?”

கூட ஒன்றுமில்லை என்றால் அந்த ஆர்டர் அடுப்படிக்குப் போகாது. சூப் என்று பெயர் மாற்றி அதே சாம்பாரைக் கேட்டால் ஒருவேளை போகலாம். இம்முறை இன்னும் சோதிக்கப்படவில்லை.

வடையின் நிலை தனி. இட்லிக்குப் பக்கத்தில் அது துணை, டீக்குப் பக்கத்தில் அதுவே தலை. காலை ஆறரைக்கு டீக்கடையில் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எழும் மசால் வடை கடலைப் பருப்பால் ஆனது. பன், பொறை, வர்க்கி, பிஸ்கட் என்று கண்ணாடி பாட்டில்களில் அடைத்து வைத்திருக்கும் கூட்டத்தோடு ஒப்பிட்டால், டீக்கடையில் குறைமாவுக்கு ஓரளவாவது அருகில் நிற்பது வடைதான். அதை மறுபடி மறுபடி காய்ச்சிய எண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள் என்பதால் டாக்டர்கள் இம்முடிவை ஏற்கமாட்டார்கள். டீக்கடைக்காரர் ஏற்பார்.

ஆன்மிகத் தரப்பிலும் சான்று உண்டு. ரமணாசிரமத்தில் காலை உணவு இட்லிதான். ஆனால் விடியுமுன் அடுக்களைக்கு வந்த பகவான் ரமணர் காய் நறுக்கினார், சட்னி அரைத்தார் என்று அடியவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர் கை சட்னிப் பக்கம் இருந்தது என்பதை எம் தரப்பு முதன்மை ஆதாரமாகக் கொள்கிறது. அவர் அப்பளத்தைப் பற்றி ஒரு பாட்டே இயற்றியிருக்கிறார் என்பதையும், அப்பளமும் தொடுகறி வகையே என்பதையும் எதிர்த்தரப்பார் மறவாதிருக்க.

எதிர்த்தரப்பு ஒன்று உண்டு என்பதை மறைக்கவில்லை. ‘அஃதேல், தொடுகறியை மட்டும் தின்றால் காரம் தாங்காதே, உப்பு கூடுமே’ எனின், அறியாது கூறினாய் என்போம். தொட்டுக்கொள்ளும் அளவுக்கு ஏற்ற உப்பு காரத்தோடு அரைத்த சட்னியைக் கிண்ணத்தில் வைத்துக் குடித்தால் தாங்காதுதான். ஒரு மிளகாயைக் குறைத்து, உப்பைப் பாதியாக்கி, மல்லாட்டையைக் கூட்டினால் அது சட்னி நிலையிலிருந்து உணவு நிலைக்கு உயர்கிறது. ஓட்டல் தேங்காய்ச் சட்னிக்கு இவ்விதி பொருந்தாது. அதில் தேங்காயைவிடப் பொட்டுக்கடலை மிகுதி. தேங்காய்ச் சட்னி என்பது ஓர் இடுகுறிப் பெயர்.

கோட்பாட்டின் பயன் அடுப்படியில்தான் தெரியும். குறைமாவு உணவைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒன்றை எழுதுவதில்லை: வீட்டில் ஒருவர் டயட்டில் இறங்கினால் இன்னொருவருக்கு இரண்டு சமையல். பிள்ளைகளுக்கு இட்லி, மாமியாருக்குக் கூழ், அவருக்கு மட்டும் முட்டையும் கீரையும். சமைத்தவள் எல்லோரும் போனபின் ஒட்டிக் கிழிந்த கடைசித் தோசையை நின்றபடியே தின்றுவிட்டு ஓடுவாள். வீட்டிலேயே மிகுதியான மாவுச்சத்து அவள் தட்டில் சேர்கிறது. சர்க்கரை அவளுக்கும் வரும், கொஞ்ச நாள் கழித்து. டயட்டில் இருப்பவர் இளைத்ததைப் பற்றித்தான் தெருவில் பேச்சு.

தொடுகறிக் கோட்பாட்டில் இரண்டாவது சமையல் கிடையாது. அதே சாம்பார், அதே துவையல், அதே கீரை; காய் இரண்டு கைப்பிடி கூடுதலாக. தட்டின் இடங்களை மட்டும் மாற்ற வேண்டும். நடுவில் ஒரு கிண்ணம் காய் நிறைந்த சாம்பார், பக்கத்தில் மல்லாட்டைத் துவையல், வேகவைத்த முட்டை. ஓரத்தில், தொட்டுக்கொள்ள, ஒரே ஒரு இட்லி. அன்று மாத்திரைக்காரப் பெண்ணிடம் ‘ரெண்டு’ என்று சொன்னால் அது மிகைப்படுத்தலாகிவிடும்.

இயல் 5: அவசரம் என்பது யாது

இட்லி ஏன் ஜெயிக்கிறது என்று கேட்டால் பத்து நிமிடத்தில் வெந்துவிடும் என்பார்கள். முட்டையும் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். ஆஃப்பாயிலுக்கு இரண்டு நிமிடம் போதும். அப்புறம் ஏன் இந்தப் போட்டியில் முட்டை தோற்கிறது?

இட்லியின் பத்து நிமிடத்தில் ஒரு கணக்கு வித்தை இருக்கிறது. அரிசியும் உளுந்தும் ஊற நாலு மணி நேரம், கிரைண்டரில் அரைக்க முக்கால் மணி, புளிக்க ஒரு ராத்திரி. இவை எதுவும் காலைக் கணக்கில் வருவதில்லை. நேற்றே செலவாகிவிட்டன, நேற்றும் அதே கையால். பாக்கெட் மாவு வந்தபின் அந்தக் கையும் மாறிக் கடைக்காரர் கையாகிவிட்டது. ஆக, இட்லி அவசர உணவன்று. அது நேற்றைய உணவு, இன்று சூடாக்கப்படுகிறது.

இவ்வுண்மை தெரிந்தபின் குறைமாவுக்கும் அதே தந்திரம்தான். முருங்கைக்கீரை நல்ல உதாரணம். அதில் சமையல் ஐந்து நிமிடம், ஆய்வதற்கு அரை மணி. காலையில் யார் உட்கார்ந்து ஆய்வது என்றுதான் வேலியில் முருங்கை இருக்கும் வீட்டிலும் கீரை கிடையாது. இரவே கொத்துகளை ஒரு வேட்டித் துணியில் இறுக்கிச் சுருட்டி வைத்தால் விடியும்போது இலைகள் தாமே உதிர்ந்திருக்கும். உதறி எடுக்க வேண்டியதுதான். நம் பாட்டிகள் கையாண்ட முறை இது. வெங்காயத்தோடு வதக்கி, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால் பத்து நிமிடத்தில் ஒருவருக்கான நாஷ்டா முடிந்தது.

சுண்டலும் நேற்றைய உணவுதான், ஆனால் நினைவை நம்பியது. கொண்டைக்கடலை ஊறப் போட மறந்துவிட்டால் மறுநாள் இட்லி. நூறு கிராம் காய்ந்த கடலையில் மாவுச்சத்து 40 கிராம் அளவு, பாசிப்பயற்றில் 46. கெட்டிக் குறைமாவுக்காரர்கள் இவற்றையும் ஒதுக்குவார்கள். ஆனால் ஊறிய கடலை ஒரு கிண்ணத்தில் அவ்வளவு இராது, நாரும் புரதமும் சேர்ந்தே வரும், நான்கு இட்லிக்கு இது எவ்வளவோ மேல். கெட்டிக்காரர்களுக்கு ஆவின் பன்னீர் இருக்கிறது. நெத்திலிக் கருவாட்டை வறுத்துத் தின்றுவிட்டுப் பஸ் ஏறுவது குறித்து இவ்வாய்வு கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

முட்டைக்கு வேறொரு தடை உண்டு. அது மருத்துவத் தடையன்று, பஞ்சாங்கத் தடை. வெள்ளிக்கிழமை அம்மன், ஆகாது. சனிக்கிழமை பெருமாள். செவ்வாய் முருகன். திங்கள் சோமவாரம், அண்ணாமலையார் தெரிகிற தூரத்தில் இருந்துகொண்டு எப்படி? வியாழன் சாய்பாபா புதிதாக வந்து எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள். முட்டையை யாரும் சீந்தமாட்டார்கள். மிஞ்சுவது புதன். அதிலும் அமாவாசை, கிருத்திகை, பிரதோஷம், சதுர்த்தி வந்து விழும்; மலை சுற்றப் போகும் பௌர்ணமி விழும். புரட்டாசி முழுக்கப் போயிற்று, மாலை போட்டுவிட்டால் கார்த்திகை மார்கழியும் போயிற்று. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொல்லி வைத்தவர் காலையில் முட்டை சாப்பிடுகிறவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அரசும் இதில் ஒரு தரப்பு. ரேஷனில் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். முட்டையும் கீரையும் ரேஷனில் இல்லை. எது சும்மா கிடைக்கிறதோ அது தட்டின் நடுவில் உட்காரும். இதற்கு ஊட்டச்சத்து நிபுணர் தேவையில்லை. பசியால் படுத்த வீடுகளை அந்த அரிசிதான் எழுப்பியது என்பதை மறந்துவிட்டு இதைக் கேலி செய்வது நியாயமும் இல்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும் உப்புமா, கிச்சடி, பொங்கல்தான். ஓடி ஆடும் பிள்ளைகளுக்கு அது தகும். கூடக் காய் போட்ட சாம்பார் உண்டு. இத்திட்டத்தால் வேறொரு விளைவும் உண்டு. பிள்ளை பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டுவிட்டால் ‘பிள்ளைக்காகத்தான் இட்லி ஊத்துனேன்’ என்ற வாதம் பெரியவர்களிடமிருந்து பறிபோகிறது. பள்ளி நாள்களில் அந்த வீட்டில் ஊற்றப்படும் இட்லி யாருக்காக என்பது வெளிச்சமாகிவிடும்.

இயல் 6: மல்லாட்டை

மேலே கண்ட தடைகள் எதுவும் தீண்டாத பொருள் ஒன்று இவ்வட்டாரத்திலேயே விளைகிறது. வேறு ஊரில் வேர்க்கடலை என்பார்கள், நிலக்கடலை என்பார்கள், இங்கே மல்லாட்டை. வெள்ளிக்கிழமை உண்ணலாம், விரதத்திலும் உண்ணலாம். சைவமா அசைவமா என்று எந்தச் சாமியும் கேட்டதில்லை. அடுப்பு மூட்டாமலும் தின்னலாம். பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலும் தின்னலாம். தொலியைச் சன்னலுக்கு வெளியே போடாமலிருந்தால் பண்பு.

சத்து அட்டவணையில் இதன் நிலை: நூறு கிராமில் மாவுச்சத்து 17 கிராம், புரதம் 24, கொழுப்பு 40 அளவு. அரிசியின் 78-க்குப் பக்கத்தில் இந்த 17-ஐ வைத்துப் பார்க்க. நூறு எண்ணித் தின்னும் பாதாமுக்கு எதிரே இதை வைத்தால், புரதத்தில் சளைக்காது. விலையில் பல மடங்கு எளிது. இதே சாலையில் செஞ்சியைத் தாண்டிக் கிழக்கே போனால் திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்கள் அங்கிருந்து வந்தவை. அந்த எழுத்துகள் திண்டிவனத்தின் சுருக்கம். பான்டிங்குக்கு லண்டன், அட்கின்ஸுக்கு நியூயார்க், நமக்குத் திண்டிவனம்.

இத்தனை இருந்தும் மல்லாட்டை நாஷ்டா ஆகவில்லை. செடியைப் பிடுங்கும் நாளில் பச்சைக் காயை உப்புப் போட்டு அவித்து முறத்தில் கொட்டுவார்கள். வயலில் இருப்பவர்கள் உரித்து உரித்துத் தின்பார்கள், வயிறு நிறையும். பிறகு வீட்டுக்கு வந்து, ‘இன்னும் நாஷ்டா ஆவல’ என்று சொல்லி உட்கார்ந்து நாலு இட்லி தின்பார்கள். தட்டு வைத்து, தண்ணி வைத்து, வெள்ளையாக ஏதாவது விழுந்தால்தான் சாப்பிட்டதாகக் கணக்கு, மற்றது கொறித்தது. வந்த விருந்தாளியைச் ‘சாப்பிட வாங்க’ என்று கூப்பிட்டு ஒரு கிண்ணம் அவித்த மல்லாட்டையை நீட்டினால் உறவு அன்றோடு முடிந்தது. காய்ந்தபின் மூட்டை கட்டினால் மில்லுக்குப் போகிறது, எண்ணெயாகிறது. விற்ற காசில் ரவை பாக்கெட்டும் பச்சரிசியும் வீட்டுக்கு வருகின்றன.

எனவே இவ்வேடு கீழ்பென்னாத்தூருக்குப் பரிந்துரைக்கும் அவசரக் காலைக் குறைமாவு உணவின் செயல்முறை வருமாறு. முதல் நாள் இரவு இரண்டு கைப்பிடி மல்லாட்டை உரிக்கப்படுகிறது. பருப்பு கழுவப்பட்டு ஊற வைக்கப்படுகிறது. காலையில் உப்புப் போட்டுக் குக்கரில் அவிக்கப்படுகிறது. வெங்காயம், தக்காளி, மாங்காய் கிடைத்தால் மாங்காய், பொடியாக நறுக்கப்பட்டுக் கலக்கப்படுகிறது. எலுமிச்சை பிழியப்படுகிறது. ஒரு தம்ளர் மோருடன் உண்ணப்படுகிறது. காலை நேரச் செலவு பத்து நிமிடம். துவையலாக வேண்டுமென்பவருக்கு வறுக்கப்பட்டு, இரண்டு மிளகாயும் புளியும் சேர்த்து அரைக்கப்படுகிறது.

ஆய்வு வரம்பு

சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர் இவ்வேட்டைப் படித்துவிட்டு மறுநாளே இட்லியை நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை பழைய அளவிலேயே இருந்து மாவு மட்டும் குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். கிட்னிக் கோளாறு உள்ளவருக்குப் புரதக் கணக்கு வேறு. சிலருக்கு மல்லாட்டையே ஒவ்வாது. டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றியபின் தட்டை மாற்றுக.

வாய்மொழித் தேர்வு

வாய்மொழித் தேர்வு அடுப்படியில் நடைபெற்றது. புறத்தேர்வாளர் இவ்வாய்வாளரின் மாமியார். தொல்காப்பியம், மலைபடுகடாம், பான்டிங் ஆகிய பகுதிகளைக் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார், மறுப்பில்லை. தொடுகறிக் கோட்பாட்டின்போது ஒருமுறை சிரித்தார். சிறுதானிய இயலில் தம் கூழைச் சொன்னதற்கு முகம் சுளித்தார். எல்லாம் முடிந்தபின் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அதெல்லாம் சரிதாங்க மாப்ளே. அந்த மல்லாட்டைய யாரு உரிக்கிறது?”

ஆய்வேடு ஒரு திருத்தத்துடன் ஏற்கப்பட்டது. ஆறாம் இயலில் ‘உரிக்கப்படுகிறது’ முதல் ‘அரைக்கப்படுகிறது’ வரை உள்ள செயப்பாட்டு வினைகள் அனைத்தையும் செய்வினையாக மாற்றி, எழுவாயாக ஆய்வாளரின் பெயரைச் சேர்த்து, நாளைக் காலை ஆறு மணிக்குள் மறுபடி சமர்ப்பிக்க வேண்டும்.